மூன்று பந்தும் அரை மணித்தியாலமும்: வயிற்றை வெட்டினால் நெஞ்சுக்கு ஏன் வருத்தம் வருகிறது?

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடக்குது. மூன்று சின்ன அறை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய். சின்னப் பிள்ளைகள் வந்தால் எடுத்து ஊதிப் பார்ப்பினம். பந்து எழும்பாது. ஏனென்றால் அது ஊதுகிற சாமான் இல்லை, உறிஞ்சுகிற சாமான். மூச்சை உள்ளுக்கு இழுத்தால்தான் பந்து மேலே போகும்.

பெரியம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்தபோது வாங்கியது அது. சரியாகச் சொன்னால், ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள், அவவுக்கு நியூமோனியா வந்த பிறகு வாங்கியது. வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வெட்டித் திறந்து செய்த ஒப்பரேஷன். காயம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, மூச்சு இளைத்தது, இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கியது. அந்த வாரமே வீட்டுக்கு வரவேண்டிய ஆள் இன்னும் பதினொரு நாள் விடுதியில் கிடந்தா.

எங்கட சனம் காரணம் கண்டுபிடிக்கிறதில கெட்டிக்காரர். "மயக்க மருந்து கூடிப்போச்சு" என்றார் ஒரு மாமா. "ஃபானுக்கு நேர கீழ கட்டிலைப் போட்டா வேற என்ன வரும்?" என்றா இன்னொரு அன்ரி. "வயித்தை வெட்டினா வயித்துக்குத்தானே வருத்தம் வரவேணும், நெஞ்சுக்கு ஏன் வந்தது?" என்று கேட்டது பெரியம்மா மட்டும்தான்.

அவவின்ர கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். மருத்துவ உலகமும் இதே கேள்வியோடு நூறு வருசத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கு. வேடிக்கை என்னவென்றால், மாமா சொன்ன பதிலைத்தான் அவையும் முதல் சொல்லியிருக்கினம்.

ஈதர் மேல் விழுந்த பழி

1846 ஒக்டோபர் 16. பொஸ்டன் நகரில் மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலை. வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைக் கொடுத்தார். நோயாளியின் கழுத்தில் இருந்த கட்டியை ஜோன் வொரன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வெட்டினார். அதிலிருந்துதான் மயக்க மருந்தின் காலம் தொடங்குகிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அடுத்த வருடமே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைக் கொண்டுவந்தார்.

அதுவரைக்கும் கெட்டிக்கார சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் கெதியாக வெட்டுகிறவர். நோயாளியை நாலு பேர் அமத்திப் பிடிக்க, நிமிசக் கணக்கில் காலை வெட்டி எடுக்கலாம். வயிற்றுக்குள் அப்படி வேலை செய்ய முடியாது. மயக்க மருந்தும், 1867 இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநீக்க முறையும் ஒன்று சேர்ந்த பிறகுதான் வயிறு உண்மையில் திறபட்டது. 1881 இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய் வந்த இரைப்பைப் பகுதியை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். 1882 இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை அகற்றினார். பெரியம்மாவுக்குச் செய்த ஒப்பரேஷனின் பூட்டன் அதுதான்.

வயிறு திறபட்டதோடு புதுத் தொல்லை ஒன்றும் வந்து சேர்ந்தது. நோயாளி மேசையில் தப்பிவிடுகிறார், காயமும் காய்கிறது. ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். சிலர் அதிலேயே செத்தும் போனார்கள். யார் குற்றவாளி? கண்ணுக்கு முன்னால் நின்றது ஈதர். ஈதரை முகர்ந்தால் தொண்டை எரியும், எச்சில் ஊறும், சளி கட்டும். ஆகவே வருத்தத்துக்கு "ஈதர் நியூமோனியா" என்றே பெயர் வைத்தார்கள்.

பழி சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது: ஈதர் கொடுக்காமல் வயிற்றை வெட்டிப் பார்ப்பது. பில்ரோத்தின் மாணவரான யோஹான் மிக்குலிச், அப்போது ஜேர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) வயிற்று ஒப்பரேஷன்களை இடத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்து பார்த்தார். 1890களின் கடைசியில் அவருடைய சிகிச்சை நிலையத்திலிருந்து வந்த முடிவு எல்லாருக்கும் ஏமாற்றம். ஈதர் இல்லாமல் வெட்டியவர்களுக்கும் நியூமோனியா வந்தது. குறையவே இல்லை.

மாமாவின் கட்சி அங்கேயே தோற்றுவிட்டது. ஆனால் தோற்ற கட்சியும் கனகாலம் உயிரோடு இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? "ஈதர் நியூமோனியா" என்ற பெயர் அதற்குப் பிறகும் பல வருடம் பாவனையில் இருந்தது.

வேலை செய்ய மறுத்த தசை

லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் பாஸ்டர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்த லூயி பாஸ்டர் இல்லை, இவர் வேற ஆள். இவர் சத்திரசிகிச்சை செய்கிறவரும் இல்லை. தொண்டைக்கரப்பான் வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

தொண்டைக்கரப்பான் கிருமியின் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். சில பிள்ளைகளுக்குப் பிரிமென்றகடு செயலிழந்துவிடும். ஓ.எல். விஞ்ஞானத்தில் போத்தலின் அடியை வெட்டி, பலூன் தோலைக் கட்டி, கீழே இழுத்துக் காட்டுவார்களே, அந்தத் தோல்தான் பிரிமென்றகடு. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கிற குவிந்த தசை. அது கீழே இறங்கினால்தான் சுவாசப்பையின் அடிப்பகுதிக்குக் காற்று போகும். இறந்த பிள்ளைகளின் உடலைத் திறந்து பார்த்தபோது, சுவாசப்பையின் கீழ்ப்பகுதி காற்றே இல்லாமல் சுருங்கிக் கிடந்ததை பாஸ்டர் கண்டார். 1890 இல் அதைப் பற்றி எழுதினார்.

பிறகு வயிற்று ஒப்பரேஷனுக்குப் பின் நெஞ்சு வருத்தம் வந்த நோயாளிகளைப் பார்த்தபோது அவருக்குப் பொறி தட்டியது. இங்கேயும் சுவாசப்பையின் அடிப்பகுதிதான் சுருங்கியிருக்கிறது. இங்கேயும் பிரிமென்றகடு ஒழுங்காக அசையவில்லை. 1908 இல் ஒரு பேருரையிலும் 1910 இல் ஒரு கட்டுரையிலும் இதை விளக்கினார். ஒப்பரேஷனுக்குப் பின்னான நெஞ்சு வருத்தங்களின் உண்மையான வரலாறு ஒருநாள் எழுதப்படும்போது, மூச்சை உள்ளிழுக்கும் வலு குறைந்து சுவாசப்பை சுருங்குவதற்கு அதில் முக்கியமான இடம் இருக்கும் என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்னது சரியாகத்தான் வந்திருக்கு.

இந்த ஒரு திருப்பத்தோடு கேள்வியே மாறிவிட்டது. வெளியில் இருந்து எந்த நஞ்சு உள்ளே போனது என்று தேடினவர்கள், உள்ளே எந்த வேலை நின்றுபோனது என்று தேடத் தொடங்கினார்கள். சுருங்கிய இடத்துக்குக் காற்றுப் போகாது. காற்றுப் போகாத இடத்தில் சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகும். இந்த வரிசையில் நியூமோனியா கடைசியில்தான் வருகிறது.

அளந்து பார்த்த காலம்

பாஸ்டர் கண்ணால் கண்டதை அடுத்த தலைமுறை அளந்து பார்த்தது. 1927 இல் அமெரிக்காவில் சர்ச்சில், மக்னீல் என்ற இருவர் ஒப்பரேஷனுக்குப் பிறகு மூச்சின் கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்று எழுதினார்கள். 1933 இல் மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த ஹென்றி பீச்சர் இன்னும் விபரமாக அளந்தார். ஈதரைக் காட்டிய அதே வைத்தியசாலை.

வெட்டு எங்கே விழுகிறது என்பதுதான் பெரிய விசயம் என்று இந்த அளவீடுகளில் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே வெட்டினால் மூச்சு கொஞ்சம் குறைகிறது. மேல் வயிற்றில், பிரிமென்றகட்டுக்குக் கிட்ட வெட்டினால், ஆள் ஒரே மூச்சில் உள்ளிழுத்து வெளியே விடக்கூடிய அளவு பாதிக்குப் பாதி விழுந்துவிடும். பழைய அளவுக்கு வர ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம். பித்தப்பை, இரைப்பை, ஈரல் எல்லாம் மேல் வயிற்றில்தான் இருக்கின்றன.

"நோவுக்குப் பயந்து ஆக்கள் மூச்சு இழுக்காமல் இருக்கினம், அவ்வளவுதான்" என்று நினைக்கத் தோன்றும். நோவு ஒரு காரணம்தான், அதனால்தான் நோவு மருந்து ஒழுங்காகக் கொடுக்கவேணும். ஆனால் 1983 இல் பிரான்சிலும் கனடாவிலும் தனித்தனியாக வெளிவந்த ஆய்வுகள் மேல் வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு பிரிமென்றகட்டின் வேலை நன்றாகக் குறைவதை அளந்து காட்டின. பிரெஞ்சு ஆய்வில் முதுகுத்தண்டுப் பக்கமாக மருந்து கொடுத்து நோவை அடக்கிய பிறகும் அது பழையபடி அசையவில்லை. உள்ளே கைபட்ட உறுப்புகளிலிருந்து போகிற நரம்புச் சைகை அந்தத் தசையை அடக்கி வைக்கிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பெரியம்மா "எனக்கு நோ இல்லை, ஆனா மூச்சு அடிவரைக்கும் போகுதில்லை" என்று சொன்னபோது நாங்கள் அதைப் பெரிசாக எடுக்கவில்லை. அவ சொன்னது சரி.

மயக்க மருந்து முழுக்கச் சுத்தவாளி என்றும் சொல்லேலாது. 1985 இல் சுவீடன் ஆய்வாளர்கள் சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, ஆளை மயக்கிச் சில நிமிசத்துக்குள்ளேயே சுவாசப்பையின் முதுகுப்பக்கத்தில் சுருக்கம் விழுவது தெரிந்தது. தசைகளைத் தளர்த்துகிற மருந்தும் இருக்கிறது. 1942 இல் மொன்றியலில் ஹரோல்ட் கிரிஃபித், ஈனிட் ஜோன்சன் இருவரும் கியூராரேயை மயக்கத்தோடு சேர்த்துப் பாவித்ததிலிருந்து அது வந்தது. அதன் மிச்சம் உடம்பில் நின்றால் மூச்சுத் தசையும் சோர்ந்துதான் இருக்கும். 1954 இல் பீச்சரும் டொட் என்பவரும் பத்து வைத்தியசாலைகளில் கிட்டத்தட்ட 6 இலட்சம் மயக்கங்களை ஆராய்ந்து, தசைத் தளர்த்திகள் கொடுத்த இடத்தில் சாவு கூடுதலாக இருந்ததை எழுதினார்கள். அதாவது மயக்க மருந்து செய்கிற கெடுதல் தொண்டையை எரிப்பதில் இல்லை. ஏற்கனவே சோர்ந்த தசையை இன்னும் சோரவைப்பதில் இருக்கிறது.

படுக்க வைத்த அன்பு

இன்னொரு பிழை அன்பின் பெயரால் நடந்தது. வயிறு வெட்டிய ஆளை இரண்டு மூன்று கிழமை கட்டிலை விட்டு அசைய விடாமல் வைத்திருப்பது ஒரு காலத்தில் நல்ல பராமரிப்பு. தையல் பிரிந்துவிடும் என்ற பயம். 1899 இலேயே சிக்காகோவில் எமில் ரீஸ் என்ற பெண்நோயியல் வைத்தியர் தன்னுடைய நோயாளிகளைக் கெதியாக எழுப்பி நடக்கவிட்டார். பெரிசாக யாரும் காது கொடுக்கவில்லை. நாற்பது வருசம் கழித்து டிட்ரொய்ட்டில் டானியல் லைதௌசர் திரும்ப அதையே சொன்னார். இந்த முறை இரண்டாம் உலகப் போர் வந்தது. கட்டிலுக்கும் தாதிமாருக்கும் தட்டுப்பாடு. படுத்திருக்க இடமில்லாததால் ஆக்கள் எழும்பி நடந்தார்கள், நடந்ததால் கெதியாகத் தேறினார்கள். தையலும் பிரியவில்லை.

எங்கட வீடுகளில் அந்தப் பழைய அன்பு இன்னும் போகவில்லை. "பச்சை உடம்பு, அசையாமல் படுங்கோ" என்று பெரியம்மாவுக்குச் சொன்ன ஆக்களில் நானும் ஒராள்.

சிகரெட்டும் ஒரு பிழையான பயமும்

1944 இல் எச். ஜே. வி. மோர்ட்டன் என்ற பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர் லான்செட் சஞ்சிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார். ஈதர் கொடுத்த மோர்ட்டன் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. புகைக்கிறவர்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பின் நெஞ்சுச் சிக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு என்றார். புகைக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி டோலும் ஹில்லும் 1950 இல் எழுதுவதற்கு ஆறு வருசத்துக்கு முந்தின கதை இது.

இதில் ஒரு கிளைக்கதையும் இருக்கு. 1989 இல் வெளிவந்த ஒரு இருதய ஒப்பரேஷன் ஆய்வில், ஒப்பரேஷனுக்கு முன் இரண்டு மாதத்துக்குள் புகையை விட்டவர்களுக்கு, அதற்கு முதலே விட்டவர்களைவிட நெஞ்சுச் சிக்கல் நன்றாகக் கூடுதலாக இருந்தது. இதை வைத்து "கிட்டடியில விடுறதெண்டால் விடாமலே இருக்கலாம்" என்று ஒரு கதை பரவியது. 2011 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடைசி நேரத்தில் விடுவதால் கெடுதி கூடுவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாலு கிழமைக்கு முதலே விட்டால் நல்லது. பிந்தி விட்டாலும் விடலாம். இந்த ஒரு வசனத்தை ஒப்பரேஷனுக்குத் திகதி எடுத்த எங்கட சித்தப்பாமாருக்கு ஆராவது சொல்லவேணும்.

ஊது, இல்லை இழு

காரணம் தெரிந்தபிறகு மருந்து தேடினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் யண்டெல் ஹென்டர்சன், காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் முகரவைத்தால் ஆள் தானாகவே ஆழ்ந்து மூச்செடுப்பார் என்றார். 1920களில் அது பிரபலம். பிறகு தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன: ஒரு போத்தலில் இருந்து மற்றதுக்குத் தண்ணீர் போகும்படி ஊதவேணும். பிறகு காற்றை அமத்தி உள்ளே தள்ளுகிற இயந்திரங்கள் வந்தன.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரொபர்ட் பார்ட்லெட் ஒரு எளிய விசயத்தைச் சுட்டிக்காட்டினார். சுருங்கிய சுவாசப்பையை விரிக்கிறதுக்கு ஊதி என்ன பயன்? உள்ளுக்கு இழுக்கவேணும், இழுத்துப் பிடிக்கவேணும். கொட்டாவி விடும்போது உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. இழுத்த அளவைக் கண்ணுக்குக் காட்டினால் நோயாளி உற்சாகமாகச் செய்வார் என்று அவர் உருவாக்கிய கருவியின் வம்சத்தில் வந்ததுதான் எங்கட அலுமாரிக்கு மேல் கிடக்கிற மூன்று பந்துச் சாமான்.

கருவி உலகம் முழுக்கப் போனது. ஆனால் 2014 இல் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, மேல் வயிற்று ஒப்பரேஷன் செய்த ஆக்களில் இந்தக் கருவி சிக்கல்களைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதற்காகப் பந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

பெரியம்மாவின் புள்ளி

2000க்குப் பிறகு வைத்தியர்கள் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினார்கள்: ஆருக்கு இது வரும் என்று முதலே சொல்ல முடியுமா? 2006 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 60 வயதுக்கு மேல், நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், இருதயப் பலவீனம், தன் வேலையைத் தான் செய்ய முடியாத நிலை, இரத்தத்தில் அல்புமின் குறைவு என்பன பட்டியலில் இருந்தன. எல்லாரும் பயப்படுகிற உடற்பருமனும் கட்டுப்பாட்டில் உள்ள சாதாரண ஆஸ்துமாவும் பெரிய ஆபத்தாக வரவில்லை.

2010 இல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் 59 வைத்தியசாலைகளில் 2,464 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. அதன் பெயர் அரிஸ்கட். நூற்றுக்கு 5 பேருக்கு நெஞ்சுச் சிக்கல் வந்தது. வந்தவர்களில் 19.5 வீதமானோர் 30 நாளுக்குள் இறந்தார்கள். வராதவர்களில் இறந்தது 0.5 வீதம். ஆபத்தைச் சொல்ல ஏழே ஏழு கேள்வி போதும் என்று அவர்கள் கண்டார்கள்: வயது, இரத்த ஒட்சிசன் அளவு, கடந்த ஒரு மாதத்துக்குள் நெஞ்சில் தொற்று வந்ததா, இரத்தச்சோகை இருக்கா, வெட்டு எங்கே, ஒப்பரேஷன் எவ்வளவு நேரம், அவசர ஒப்பரேஷனா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. 26க்குக் கீழே குறைந்த ஆபத்து, 45 தொட்டால் கூடிய ஆபத்து.

நான் டொக்டர் இல்லை. ஆனாலும் இருந்து பெரியம்மாவுக்குக் கூட்டிப் பார்த்தேன். வயது 63, அதுக்கு 3 புள்ளி. மேல் வயிற்று வெட்டு 15. ஒப்பரேஷனுக்கு மூன்று கிழமைக்கு முதல் அவவுக்குக் காய்ச்சலும் சளி இருமலும் வந்து அன்டிபயோட்டிக் குடிச்சவ, அதுக்கு 17. மொத்தம் 35. நடுத்தர ஆபத்து, அந்த ஆய்வில் அந்த வகுப்பில் 13.3 வீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஒப்பரேஷன் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தால் இன்னும் 16 கூடி 51. அது கூடிய ஆபத்து, 42.1 வீதம்.

அந்த 17 புள்ளிதான் என்னை வதைக்கிறது. வயதை மாற்றேலாது, பித்தப்பை இருக்கிற இடத்தையும் மாற்றேலாது. இருமல் வந்து ஒரு மாதம் பொறுத்திருந்தால் அந்த 17 இல்லை. பெரியம்மா ஏன் சொல்லவில்லை? ஒன்று, திகதி கிடைக்க அவ எட்டு மாதம் காத்திருந்தவ. இருமல் எண்டு சொன்னால் திகதி போயிடும் எண்டு பயம். மற்றது, அவவிடம் கேட்ட தாளும் கேட்ட ஆளும் சிங்களத்தில். பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் கடைச் சாமான் விலை கேட்கத் தெரியும், அவ்வளவுதான். சிங்களம் தெரிந்த மச்சாள் பார்வையாளர் நேரம் வரும்வரை வாசலில் நின்றவள். பெரியம்மா தலையாட்டிக் கையெழுத்து வைச்சிட்டா.

ஒரே எண், அறுபத்துநாலு வருச இடைவெளி

இந்த வரலாற்றில் நான் இரண்டு தரம் திரும்ப வாசித்துப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது.

1954 இல் சுவீடனைச் சேர்ந்த தோரன் என்பவர் பித்தப்பை ஒப்பரேஷன் செய்த ஆக்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். மூச்சுப் பயிற்சி எதுவும் கொடுக்காதவர்களில் 42 வீதம் பேருக்கு நெஞ்சுச் சிக்கல். ஒப்பரேஷனுக்குப் பிறகு மட்டும் பயிற்சி கொடுத்தவர்களில் 27 வீதம். ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுத்தவர்களில் 12 வீதம்.

2018 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இயாந்தே போடனும் கூட்டாளிகளும் ஒரு பரீட்சார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல் வயிற்றில் பெரிய ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்த 441 பேர். எல்லாருக்கும் ஒரு விளக்கக் கைநூல் கொடுக்கப்பட்டது. அரைவாசிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஒப்பரேஷனுக்கு முதல் ஒரு இயன்மருத்துவர் அரை மணித்தியாலம் முன்னால் இருந்து கதைத்தார். வெட்டிய பிறகு சுவாசப்பைக்கு என்ன நடக்கும், ஏன் நடக்கும், கண் முழித்தவுடனேயே எப்படி மூச்சு இழுத்துப் பிடிக்கவேணும், எப்படி இருமவேணும் என்று சொல்லி, செய்யவைத்துப் பார்த்தார். கைநூல் மட்டும் கிடைத்தவர்களில் 27 வீதம் பேருக்குச் சிக்கல். கதைத்தவர்களில் 12 வீதம்.

27, 12. அறுபத்துநாலு வருசம் கழித்து அதே இரண்டு எண். இரண்டு ஆய்வும் ஒரே மாதிரி இல்லை, எண்கள் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் சொல்கிற விசயம் ஒன்று. ஒப்பரேஷன் முடிந்து, நோவில், மருந்து மயக்கத்தில், மூக்கில் குழாயோடு கிடக்கிற ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிந்திப்போன வேலை. சுவாசப்பை சுருங்கத் தொடங்குவது மேசையிலேயே. தெளிவாக இருக்கிறபோது, முதலே சொல்லவேணும்.

இடையில் எத்தனையோ நடந்திருக்கு. 1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே கமராக் குழாயால் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். வெட்டுச் சிறுத்தது, நெஞ்சுச் சிக்கலும் குறைந்தது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான் செய்ய இருந்தது. பித்தப்பை ஒட்டிப்போய் இருந்ததால் திறக்கவேண்டி வந்தது. மயக்கத்தில் காற்றை எப்படிக் கொடுப்பது என்பதும் திருந்தியிருக்கிறது. இதெல்லாம் காசும் பயிற்சியும் வேண்டிய வேலைகள். அரை மணித்தியாலக் கதைக்கு ஒரு கதிரையும் ஒரு ஆளும் போதும்.

எந்த மொழியில் கதைக்கிறது?

கதைதான் மருந்து என்றால், கதைக்கிற மொழியும் மருந்தில் சேர்த்தி.

இதை எங்கட ஊரில் ஒருவர் நூற்றைம்பது வருசத்துக்கு முதலே விளங்கிக்கொண்டார். ஈதர் காட்டப்பட்ட அதே மசாசுசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அது நடந்து அடுத்த வருடம், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், மாணவர்களை வைத்தியர்களாக்கினார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழ்ச் சனத்துக்கு நடுவில் வேலை செய்யப்போகிற வைத்தியர் தமிழில் படிக்கவேணும் என்பது அவருடைய பிடிவாதம். அவரும் மாணவர்களும் சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்கள். சத்திரசிகிச்சைக்கான "இரண வைத்தியம்" அவற்றில் ஒன்று. கிறீன் மதம் பரப்ப வந்த மிசனரி, அதையும் மறக்கத் தேவையில்லை. ஆனால் விளங்காத மொழியில் வைத்தியம் பாதி வைத்தியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1987 இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. சட்டத்தில் இருக்கிறது விடுதிக் கட்டில்வரைக்கும் வரவில்லை என்பதை எங்களில் கனபேர் அனுபவத்தில் கண்டிருப்பம். மொழி உரிமையை நாங்கள் வழக்கமாகப் பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் தேசிய கீதத்திலும் வைத்துத்தான் கதைக்கிறம். அது மூச்சிலும் இருக்கு. "கடைசி ஒரு மாதத்தில காய்ச்சலோட இருமல் வந்ததா?" என்று ஒராள் தமிழில் கேட்டு, "திகதி போகாது, பயப்படாமல் சொல்லுங்கோ" என்றும் சொல்லியிருந்தால் பெரியம்மாவின் கதை வேற மாதிரிப் போயிருக்கலாம். போயிருக்கும் என்று சத்தியம் பண்ணமாட்டன். நடுத்தர ஆபத்தில் உள்ளவர்களிலும் கனபேருக்கு ஒன்றும் வருவதில்லை, எல்லாம் சரியாகச் செய்த ஆக்களுக்கும் வருவதுண்டு.

பெரியம்மா இப்ப சுகமாக இருக்கிறா. சொந்தத்தில் ஆருக்கும் வயிற்று ஒப்பரேஷன் எண்டால் ஒரு கிழமைக்கு முதலே கோல் எடுப்பா. இருமல் இருக்கா எண்டு கேட்பா. சிகரெட் பிடிக்கிற ஆளென்றால் ரெண்டு பேச்சும் விழும். பிறகு தலையணையைக் காயத்தில வைச்சு அணைச்சுக்கொண்டு எப்படி இருமிறது, மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து மூன்று எண்ணும்வரை எப்படிப் பிடிக்கிறது எண்டு போனிலேயே செய்யவைப்பா. போன மாதம் வவுனியாவில இருக்கிற மாமிக்குச் சொல்லேக்க நான் பக்கத்தில இருந்தனான். நேரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிசம்.